பராக்குப் பார்க்கிறான் என்று நான் எழுதிய பிள்ளை

 

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரரும், என்னோடு படிப்பிக்கிற ரீச்சர்மார், சேர்மாரும் நேரம் எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை சர்வதேச வலிப்பு நோய் தினம். இரண்டு வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை அந்த நாளைச் சாட்டாக வைத்து இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. வட்டக்கச்சியில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிற ஒரு வாத்தியார். இதில் வருகிற பிள்ளையின் தாயிடம் கேட்டேன். "எழுதுங்கோ சேர், பேர் மட்டும் வேண்டாம்" என்றார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று தயவுசெய்து தேடாதீர்கள்.

அவன் அப்போது தரம் 4. அமைதியான பிள்ளை. கணக்கில் கெட்டி. ஆனால் சொல்வதெழுதல் வைத்தால் பத்துச் சொல்லில் ஆறுதான் கொப்பியில் இருக்கும். எழுதிய ஆறும் பிழையில்லாமல் இருக்கும். மற்ற நாலையும் அவன் பிழையாக எழுதவில்லை, எழுதவே இல்லை. நடுவில் இடமும் விடமாட்டான். மூன்றாவது சொல்லுக்குக் கீழே ஆறாவது சொல் இருக்கும்.

"எங்கடா மற்றச் சொல்லு?"

"நீங்கள் சொல்லேல்ல சேர்."

இந்தப் பதில் எனக்குக் கோபத்தை வரவைத்தது. முப்பத்திரண்டு பிள்ளைக்குக் கேட்டது உனக்கு மட்டும் கேட்கவில்லையா என்று எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். ஒரு நாள் இடைவேளைக்கு விடாமல் அத்தனை சொல்லையும் இருபது தரம் எழுத வைத்தேன். முதலாம் தவணை முன்னேற்ற அறிக்கையில் என் கையால் எழுதினேன்: "கெட்டிக்காரன். ஆனால் வகுப்பில் பராக்குப் பார்க்கிறான். கவனம் போதாது." தாய் கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார். அதற்கு வீட்டில் அடி விழுந்திருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் தவணையில் ஒரு காலை. தமிழ்ப் பாடம். அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். நன்றாக வாசித்துக்கொண்டு வந்தவன் ஒரு வசனத்தின் நடுவில் நின்றான். சொல் தெரியாமல் நிற்கிற பிள்ளை எழுத்துக் கூட்டும், என் முகத்தைப் பார்க்கும். இவன் இரண்டும் செய்யவில்லை. கண் திறந்தபடி இருக்க இமை மட்டும் படபடவென்று அடித்தது. உதடு லேசாக அசைந்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மேசையில் தட்டினேன். பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்து ஆட்டியது. ஒன்றுக்கும் அசையவில்லை. பத்து வினாடி இருக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினான். நின்ற இடத்தில் இருந்து இல்லை, ஒரு வரி தள்ளி. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் என்னைப் பார்த்து "என்ன சேர்?" என்றான்.

அந்தப் பார்வையில் பொய் இருக்கவில்லை.

அன்று அறைக்குப் போய், வவுனியா கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்துக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். விசேட கல்விப் பாடக் குறிப்பில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. சிறு வலிப்பு உள்ள பிள்ளையைப் பகற்கனவு காண்பவன் என்று ஆசிரியர் தவறாக எண்ணலாம் என்ற கருத்தில் ஒரு வரி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. அதற்கு மாக்ஸும் கிடைத்திருக்கும். வகுப்பில் ஐந்து மாதம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தபோது அந்த வரி எனக்கு வரவில்லை.

இதில் எனக்கு இன்னும் வெட்கம் ஏன் என்றால், வலிப்பு என்பது எங்கள் வீட்டுக்குப் புதிய சாமான் இல்லை.

எங்கள் வாப்பாவின் ஊர் முல்லைத்தீவு, நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபரில் வெளியேறி வந்தவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில், கிடுகுக் குடிசையில். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, எங்களோடுதான் இருந்தார். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர். அவருக்கு வலிப்பு வரும். திடீரென்று ஒரு சத்தம் போட்டு விழுவார், உடம்பு விறைக்கும், கை கால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை வரும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்வோம். யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நிற்கும். சாவியால்தான் நின்றது என்று எல்லோரும் நம்பினோம்.

ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்திருந்தார்கள். குடித்தபடி இருந்தபோது ஏழெட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அப்போது ஒருவர், பெயர் வேண்டாம், இது ஜின்னின் வேலை, குளிசை குடித்தால் ஓதுகிறது பிடிக்காது என்று சொன்னார். நன்றாக இருக்கிறவருக்கு என்னத்துக்கு மருந்து என்று வீட்டிலும் நினைத்தார்கள். நிற்பாட்டினார்கள். இரண்டாவது கிழமை உப்பளத்துக்கு வேலைக்குப் போன சாச்சா வாய்க்கால் ஓரத்தில் விழுந்தார். முகம் குப்புற. தண்ணீர் முழங்கால் அளவும் இல்லை. ஆட்கள் கண்டு தூக்கும்போது முடிந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது.

வலிப்பு என்றால் அதுதான் என்று நான் நினைத்து வளர்ந்தேன். விழவேண்டும், வெட்டவேண்டும், நுரை வரவேண்டும். பத்து வினாடி சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதும் வலிப்புத்தான் என்று யார் நினைப்பது?

மூளையில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் சின்னச் சின்ன மின் சைகைகளால்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் முறைக்குக் கதைப்பது போல. எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் கத்தத் தொடங்கினால் வகுப்பு நடக்காது. அதுதான் வலிப்பு. அந்தக் கூச்சல் மூளையின் எந்தப் பகுதியில், எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து வெளியில் தெரிவது மாறும். ஒருவருக்குக் கை மட்டும் துடிக்கும். ஒருவர் அர்த்தமில்லாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நிற்பார். ஒருவர் சாச்சாவைப் போல விழுவார். ஒரு பிள்ளை வாசிப்பின் நடுவில் பத்து வினாடி காணாமல் போகும்.

அந்தக் கடைசி வகை பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தரமும் வரலாம், ஐம்பது தரத்துக்கு மேலும் வரலாம். ஐம்பது தரம் பத்து வினாடி என்றால் கூட்டிப் பார்த்தால் எட்டு நிமிடம்தான். ஆனால் அந்த எட்டு நிமிடம் ஒரே இடத்தில் போவதில்லை. சொல்வதெழுதலில் நாலு சொல், கணக்கில் ஒரு படி, கதையில் ஒரு வரி என்று ஓட்டை ஓட்டையாகப் போகும். பிள்ளைக்குத் தான் போய் வந்ததே தெரியாது. "நீங்கள் சொல்லேல்ல சேர்" என்று அவன் சொன்னது அவனைப் பொறுத்தவரை உண்மை.

பராக்குப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆசிரியர்மார் இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள். பராக்குப் பார்க்கிற பிள்ளை சலிப்பு வரும்போது பார்க்கும், பெயர் சொன்னால் அல்லது தோளில் தொட்டால் திரும்பிவிடும். இந்த வலிப்பு கதைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே திடீரென்று வரும். கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாது. திடீரென்று முடியும், விட்ட வேலையைப் பிள்ளை தொடரும். இமை அடிப்பது, வாய் மெல்வது போல அசைவது இருக்கலாம்.

தாயைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். தகப்பன் கட்டார் நாட்டில். தாயும் அம்மம்மாவும் இருந்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் தாயின் முகம் இறுகிவிட்டது.

"அவன் சின்னனிலயே அப்பிடித்தான் சேர். யோசிச்சுக்கொண்டு நிக்கிறவன். நீங்கள் அவனுக்கு மூளையில கோளாறு எண்டு சொல்லுறீங்களோ?"

அம்மம்மா, வாய்க்கால் கரையில் விளையாடும்போது எதையோ கண்டு பயந்திருக்கிறான், நூல் கட்டினால் சரிவரும் என்றார். தாய் குரலைத் தணித்து உண்மையான பயத்தைச் சொன்னார். "என்ர தங்கச்சிக்குப் பேச்சுக்கால் நடக்குது சேர். காக்காய் வலிப்பு வீட்டில இருக்கெண்டு தெரிஞ்சால் அதுவும் குழம்பும்."

நான் அவரோடு வாதாடவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் அவரில்லை, நாங்கள் எல்லோரும்தான். சாச்சாவின் கதையைச் சொன்னேன். உப்பளத்து வாய்க்காலைச் சொன்னேன். இவர்கள் வீட்டுப் படலைக்கு முன்னாலும் இரணைமடு வாய்க்கால்தான் ஓடுகிறது. அம்மம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "சேர் சொல்லுற மாதிரி ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டு. நூலை நான் பிறகு கட்டுறன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். ஒரு கிழமை, வகுப்பு நேரத்தில் நான் கண்டதை ஒரு கொப்பியில் குறித்தேன். திங்கள் 14, செவ்வாய் 11, புதன் 17. எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தான், எத்தனை வினாடி. தாயின் சம்மதத்தோடு ஒன்றைத் தொலைபேசியில் வீடியோவும் எடுத்தேன். அதை வைத்தியருக்குக் காட்டிய பிறகு அழித்துவிட்டேன்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிறுவர் கிளினிக். தாய் தனியே போகப் பயந்ததால் லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். வைத்தியர் எடுத்தவுடன் ஸ்கேன் என்று எழுதவில்லை. கேள்விதான் கேட்டார். எப்படித் தொடங்குது? எவ்வளவு நேரம்? கூப்பிட்டால் திரும்புறானா? விழுந்தானா? முடிஞ்ச உடனே சாதாரணமா இருக்கிறானா, நித்திரை கொள்ளுறானா? பிறந்தபோது, காய்ச்சலில் ஏதும் நடந்ததா? குடும்பத்தில் யாருக்கும் இருக்கா? தாய்க்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நான் கொப்பியை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வலிப்பில் நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கண்ணால் கண்டவர் சொல்லும் கதையை வைத்துத்தான், கிளினிக்குக்கு வரும்போது பிள்ளை நல்ல பிள்ளையாகத்தானே இருக்கும் என்றார்.

பிறகு ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "தம்பி, நான் நிப்பாட்டச் சொல்லும் வரைக்கும் இதை ஊது பாப்பம்." அவன் சந்தோசமாக ஊதினான். ஒரு நிமிடம். காற்றாடி சுற்றியது. இரண்டாவது நிமிடம் கடந்து கொஞ்ச நேரத்தில் கை அப்படியே நின்றது. காற்றாடி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அவன் கண் இமை அடித்தது. வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். தாய் முதல் தடவையாக அதை அதுவென்று தெரிந்து பார்த்தார். "ஐயோ, இதுதானே சேர். இதுக்குத்தானே நான் அடிச்சனான்" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

நானும் இதற்குத்தான் இருபது தரம் எழுத வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். வேகமாக மூச்சை இழுத்து விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். இந்த வகை வலிப்பு உள்ள பிள்ளைக்கு அது வலிப்பைத் தூண்டும். வைத்தியர்கள் இதைச் சோதனையாகவே செய்கிறார்கள். நாங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

அதன் பிறகு ஈ.ஈ.ஜி. எடுக்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு தந்தார். "தலையில கரண்ட் வைப்பினமோ?" என்று அம்மம்மா கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. தலைக்கு ஒன்றும் ஏற்றுவதில்லை, மூளையில் இருந்து வருகிற மின் சைகையை வெளியில் இருந்து பதிவு செய்வது மட்டும்தான். தலையில் எண்ணெய் இல்லாமல் முழுகிப் போகவேண்டும். பசை போட்டு வயர்களை ஒட்டுவார்கள். நோகாது. ஜெர்மனியில் ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர் 1924 இல் முதன்முதலாக மனித மூளையின் அலையை இப்படிப் பதிவு செய்தார். 1935 இல் அமெரிக்காவின் பொஸ்ரனில், இவனுக்கு வருகிற அதே வகை வலிப்பில் வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு கூர்முனையும் ஒரு அலையுமாக வருவதைக் கண்டார்கள். தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு எங்கள் வட்டக்கச்சிப் பிள்ளையின் ரிப்போட்டிலும் அதே வினாடிக்கு மூன்று.

ஒன்று சொல்லவேண்டும். ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. எடுக்கிற அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். அதேபோல ஒரே ஒரு தரம் பிட்ஸ் வந்தவர் எல்லோருக்கும் வலிப்பு நோய் என்றும் இல்லை. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் கடும் காய்ச்சலில் வலிப்பு வரும். அது வேறு. அதில் பெரும்பாலான பிள்ளைகள் வளர்ந்து நன்றாகவே இருப்பார்கள். ஆனால் முதல் தரம் வந்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவனுக்கு சோடியம் வல்ப்ரோவேட் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசாங்க வைத்தியசாலை, கிளினிக் கொப்பி, செலவு பஸ் காசு மட்டும். சில கிழமைக்குள் என் கொப்பியில் எண்ணிக்கை 5 ஆனது, 2 ஆனது. பிறகு ஒரு கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. இந்த வகை வலிப்பு பல பிள்ளைகளுக்குப் பெரியாளாக வரும்போது நின்றுவிடும் என்றும், இரண்டு வருடம் ஒன்றும் வராமல் இருந்தால் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் வைத்தியர் சொன்னார். யோசிக்கிறது அவர். நானோ தாயோ அம்மம்மாவோ இல்லை.

மருந்தைப் பற்றி மூன்று விஷயம்.

ஒன்று, நன்றாக இருக்கிறது என்று திடீரென்று நிற்பாட்டாதீர்கள். நன்றாக இருப்பதே மருந்தால்தான். திடீரென்று நிற்பாட்டினால் முன்னைவிட மோசமாக, நிற்காமல் தொடர்ந்து வரலாம். எங்கள் சாச்சாவுக்கு நடந்தது அதுதான்.

இரண்டு, அடுத்த வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள். ஒரு வகைக்கு நல்லது இன்னொரு வகைக்குக் கெடுதி. காபமசெபின் என்ற மருந்து பலருக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இருந்த வகையைக் கூட்டிவிடும்.

மூன்று, பெண் பிள்ளைகளின் தாய்மார் கவனிக்கவேண்டியது. வல்ப்ரோவேட் கர்ப்பத்தில் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு உண்டாக்கும். கலியாண வயதில் இருக்கிறவர்கள் இதைக் குடித்தால், பிள்ளை பெற நினைக்கும் முன்பே வைத்தியரிடம் கதையுங்கள். பயந்து தாங்களே நிற்பாட்டவும் கூடாது. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

என் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். சில மருந்தை சஹருக்கும் இப்தாருக்கும் என்று மாற்றலாம், சிலருக்கு முடியாது. நித்திரை முழிப்பும் வலிப்பைத் தூண்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற சம்பவம் உங்களுக்குத் தெரியும். வலிப்பு வருகிற ஒரு பெண் நபிகளாரிடம் (ஸல்) வந்தார். பொறுமைக்குச் சுவர்க்கம் என்று சொல்லப்பட்டபோது பொறுமையை ஏற்றுக்கொண்டார். ஆனால் வலிப்பு வரும்போது தன் ஆடை விலகுகிறது, அது மட்டும் விலகாமல் இருக்கப் பிரார்த்தியுங்கள் என்று கேட்டார். நோயை விட ஆட்கள் முன்னால் அவமானப்படுவதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒருவர் விழுந்தால் சுற்றி நின்று பார்ப்பதும், இப்போது போனில் வீடியோ எடுப்பதும்தான் எங்கள் பழக்கம். ஒரு துணியால் மூடிவிட்டு ஆட்களைக் கலைக்கிற ஒருவராக நாங்கள் இருக்கலாம்.

சரி, யாராவது கண் முன்னால் பெரிய வலிப்பு வந்து விழுந்தால்:

மணிக்கூட்டைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள கல், மேசை, அடுப்பு, சைக்கிள் எல்லாவற்றையும் விலக்குங்கள். தலைக்குக் கீழே சறம், பை, மடித்த துணி ஏதாவது வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். வெட்டுதல் குறைந்தவுடன் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியில் வடிய. முழு நினைவு வரும் வரை பக்கத்தில் இருங்கள்.

கை காலை அமத்திப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் ஒன்றும் வைக்காதீர்கள். நாக்கை விழுங்குவது என்று ஒன்று இல்லை. பல் உடைவதும் உங்கள் விரல் போவதும்தான் நடக்கும். தண்ணீர் பருக்காதீர்கள். இரும்பு, சாவி தேவையில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகிறது. அதனால்தான் சாவிக்குப் பெயர்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், நினைவு வராமலே அடுத்தது வந்தால், முதல் தரம் என்றால், தண்ணீருக்குள் நடந்தால், கர்ப்பிணி என்றால், தலையில் அடிபட்டால், உடனே 1990 க்கு எடுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ், காசில்லை. 2018 இல் வடக்குக்கும் வந்தது. எங்கள் வாப்பாவின் காலத்து ஆட்களுக்கு 1990 என்றால் ஒரு சொப்பிங் பையோடு வீட்டை விட்டு வந்த வருடம். அந்த இலக்கத்தை வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது முதல் தரம் என் தொண்டை கொஞ்சம் அடைத்தது. இப்போது பழகிவிட்டது. உதவி வருகிற இலக்கமாகவே பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

இன்னொன்று எங்கள் வன்னிக்கே உரியது. பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஒரு தகப்பன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தனியாக வந்து சொன்னார். 2009 இல் தலையில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. இப்போது இரண்டு மூன்று வருடமாக இடது கை தானாக வெட்டுகிறது, சில நேரம் விழுகிறார். காயம் எப்போதோ ஆறிவிட்டது, இது வேறு என்னவோ என்று நினைத்திருக்கிறார். வேறு இல்லை. மூளையில் காயத்தின் தழும்பு வருடங்கள் கழித்தும் வலிப்பைக் கொண்டுவரும். வியட்நாம் போரில் தலைக்குள் ஊடுருவிய காயம் பட்ட அமெரிக்கப் படையினரைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் வலிப்பு வந்திருந்தது. எங்கள் ஊரில் எத்தனை பேர் உடம்பில் துண்டோடு வயல் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம் துண்டு இருப்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து ஆபத்தாகலாம். தெரிந்தால் சீ.ரீ. ஸ்கேன் போன்ற வேறு வழியை எடுப்பார்கள். கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்று பயந்து மறைக்கிற காலம் ஒன்று இருந்தது. வைத்தியரிடம் மறைக்கவேண்டாம்.

வலிப்பு உள்ளவர்கள் கிணற்றில், வாய்க்காலில், குளத்தில் தனியே குளிக்கவேண்டாம். வாளியில் அள்ளிக் குளியுங்கள். தென்னையில் ஏறவேண்டாம். விறகடுப்பில் தனியே நிற்கும்போது கவனம். இவ்வளவுதான். மற்றப்படி படிக்கலாம், விளையாடலாம், வேலை செய்யலாம், கலியாணம் கட்டலாம். தொட்டால் ஒட்டாது. நுரை பட்டாலும் ஒட்டாது.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்றும், சரியாகக் கண்டுபிடித்துச் சரியாக மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் சாச்சா அந்த எழுபதில் ஒருவராக இருந்திருப்பார். ஏழெட்டு மாதம் இருந்தும் காட்டினார்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 6, வேறு பள்ளிக்கூடம். தரம் 4 மூன்றாம் தவணை முன்னேற்ற அறிக்கை எழுதும்போது, முதலாம் தவணையில் நான் எழுதியது அதே பக்கத்தில் இருந்தது. அழிக்கப் பார்த்தேன், அழித்தால் மை பரவும். கீழே எழுதினேன்: "முதலாம் தவணையில் எழுதிய குறிப்பு தவறு. பிள்ளை கவனக்குறைவானவன் அல்ல. வகுப்பாசிரியர்." கையெழுத்து வைத்தேன். அதிபர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தானும் கையெழுத்து வைத்தார்.

அவனைக் கூப்பிட்டு, "உனக்கு அன்றைக்கு இருபது தரம் எழுதத் தந்தது என்ர பிழை" என்று சொன்னேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. "எண்டைக்கு சேர்?" என்றான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மம்மா நூலும் கட்டினார். கறுப்பு நூல், இடது கையில். குளிசை குடித்த பிறகு அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்திக்கும் போன வருடம் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் செய்தார்கள்.

உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நடுவில் நடுவில் நின்றுபோனால், அடிக்க முன் எண்ணிப் பாருங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதைக் கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், சனிக்கிழமை என்றால் நான் வருவேன்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். சாச்சாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள்.